வெள்ளிக்கிழமை எண்ணெயும் ஒன்பதேகால் அடிப் பலகையும்

1

“அம்மாவுக்குத் தண்ணி ஆகாது. அவங்க மணல்லயே உக்காந்துக்குவாங்க.”

என் மகள் மதி இதைக் காரின் பின்சீட்டில் தன் தோழியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை, கேலியும் இல்லை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், சிட்னிக்கு வடக்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில். வந்து இருபது வருடம் ஆகப்போகிறது. வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனாலும் இத்தனை வருடத்தில் அந்தக் கடலில் நான் நனைத்தது கணுக்கால் வரைதான். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, வீட்டு வேலை, இடையில் மதியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் அவளுடைய துண்டுக்கும் செருப்புக்கும் காவல் இருக்கிற வேலை. ஆகவே அவள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது நான் இல்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சுந்தரபாண்டியத்துக்காரி. எட்டு வயதில் என் முதுகில் காலி எண்ணெய் டின்னைக் கட்டிப் பம்புசெட் கிணற்றில் தள்ளிவிட்டார்கள். பத்து வயதில் மேல்படியிலிருந்து குதித்து, அடிமட்டத்து மண்ணை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து காட்டுவேன். பையன்களே இரண்டாம் முறை யோசிக்கிற கிணறு அது. இதையெல்லாம் மகளிடம் நான் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் வீட்டுப்பாடம் முடித்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் மதி படிப்புக்காக மெல்பர்ன் போகிறாள். போனால் பிறகு விருந்தாளியாகத்தான் வருவாள். நம்மூரிலும் இப்போது அப்படித்தான் என்று நீங்கள் சொல்லலாம், ஆனால் அங்கே தீபாவளிக்காவது பஸ் பிடித்து வந்துவிடுகிறார்கள். போகிற பெண், தன் அம்மா தண்ணீருக்குப் பயந்தவள் என்று நினைத்துக்கொண்டே போய்விடக் கூடாது. அவள் கிளம்புவதற்குள், அவள் கண் முன்னால், ஒரே ஓர் அலையிலாவது, அவளைப் போல அலைச்சறுக்குப் பலகை மேல் எழுந்து நின்றுவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

2

அலைச்சறுக்கு வகுப்பில் சேரப் போனால், நீந்தத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். நகராட்சிக் குளத்தில் நீந்திக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். இந்த நாட்டில் எதற்கும் ஒரு கையெழுத்து உண்டு, அதைப் போடுவதற்கு ஒரு ஆளும் உண்டு. போனேன். குளத்தின் விளிம்பில் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். விசில் ஊதினார்கள். குதிக்கக் கூடாதாம், ஏணி வழியாக இறங்க வேண்டுமாம். சரியென்று வெளியே வந்து ஏணியில் இறங்கினேன். தலையை மேலே தூக்கிக்கொண்டு நம்மூர் நீச்சல் நீந்தி அக்கரை போய்த் திரும்பினேன். இது என்ன வகை நீச்சல் என்று மேற்பார்வை பார்த்தவர் கேட்டார். மூழ்காமல் இருக்கிற வகை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘இதர’ என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

அக்காவிடம் இதைச் சொன்னது என் தப்பு. அக்கா ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். பெரிய வகுப்பெல்லாம் அவள் வீட்டில் தங்கித்தான் படித்தேன், ஆகவே என்னைத் திட்டும் உரிமை அவளுக்கு முழுதாக உண்டு.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அம்பதைத் தாண்டுன பொறவு கடல்ல போயி ஆடுதேங்கிற. கைகால் ஒடிஞ்சா யாரு பாக்கது?”

இங்கே ஆஸ்பத்திரி இலவசம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

3

வகுப்பு நாலு வாரத்தில் முடிந்தது. அங்கே கொடுத்த ஸ்பாஞ்சுப் பலகையில் முட்டி போடும் வரைக்கும் வந்தேன். மேற்கொண்டு பழக வேண்டுமானால் சொந்தப் பலகை வேண்டும். முதலில் மதி இல்லாத நேரம் பார்த்து அவளுடையதை எடுத்துக்கொண்டு போனேன். ஆறடி, ஒல்லி, கூர்மூக்கு. மதி நாற்பத்தெட்டு கிலோ. என் எடை உங்களுக்கு வேண்டாம். நான் படுத்ததும் பலகை நீருக்கடியில் போய்விட்டது, அலை எங்கள் இருவரையும் கவனிக்காமல் கடந்து போனது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். எங்கள் வளைகுடாவில் அலை முழங்கால் உயரம் வந்தாலே அதிகம். மெதுவாகப் புரண்டு, மெதுவாகக் கரைக்கு வரும். குட்டைப் பலகைக்கு வேகமான, செங்குத்தான அலை வேண்டும், இந்த அலைக்கு அது நகராது. சின்ன அலைக்கு நீளமான பலகைதான் சரி. நீளமும் அகலமும் தடிமனும் இருந்தால் மிதக்கும், மிதந்தால் கையைத் துடுப்பாக்கிக் கொஞ்சம் வலித்தாலே போதும், அலை எழும்பும்போதே அதோடு சேர்ந்துவிடலாம். அடிப்பக்கம் ரொம்ப வளையாமல் தட்டையாக இருக்க வேண்டும், வளைந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நின்றுவிடும். மூக்கு உருண்டையாக அகன்றிருக்க வேண்டும். ஓரங்கள் கூராக இல்லாமல் மழுங்கியிருந்தால் தடுமாறும்போது மன்னிக்கும். அடியில் மீனின் துடுப்பு மாதிரி நிற்கிற ஃபின் பெரிதாக ஒன்று இருந்தால் நேராகப் போகும். சட்டென்று திரும்பாது என்பார்கள். எனக்கு எங்கே திரும்ப வேண்டியிருக்கிறது? கரை நேரே இருக்கிறது.

பலகைக் கடை நடத்துகிறவள் ஜோ என்ற பெண், என்னைவிட இளையவள். என் உயரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஏழரை அடி ஸ்பாஞ்சுப் பலகையை எடுத்து வந்தாள். லேசானது, கக்கத்தில் அடங்கும், மெத்தென்றிருப்பதால் தலையில் பட்டாலும் காயம் வராது என்றாள். அவள் சொன்ன மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுமே பலகையைத் தூக்குவதைப் பற்றியும் விழுவதைப் பற்றியும்தான் இருந்தன. நிற்பதற்கு எது நல்லது என்று கேட்டேன். அதற்கு நீளமானது, ஆனால் உன்னால் தூக்க முடியாதே என்றாள். தூக்குவது என் பாடு, நீ நிற்பதற்கு உள்ளதைக் காட்டு என்றேன்.

பின்கட்டில் பழைய பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தரையில் போடச் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா கல்யாணப் பட்டெடுக்கப் போனபோது கடைக்காரர் தட்டு தட்டாக எடுத்துப்போட்டுச் சலித்ததைப் பார்த்தவள் நான். எடுத்துப்போட வைப்பதில் எனக்குக் கூச்சம் கிடையாது. சுடிதாரோடு ஒவ்வொன்றின் மேலும் குப்புறப் படுத்துப் பார்த்தேன். பலகை வாங்கப் போகிறேன் என்றதும் கூட வந்திருந்த மதி கூச்சத்தில் தெருவுக்குப் போய்விட்டாள்.

பத்தடிப் பலகை ஒன்று இருந்தது, அது எங்கள் காருக்கே பெரிது. ஒன்பதடியில் ஒன்று மூக்கு ஒடுங்கியிருந்தது. கடைசியில் ஒன்பதேகால் அடியில், இருபத்து மூன்று அங்குல அகலத்தில், மங்கிய மஞ்சளில் ஒன்று. ஒரே ஃபின். வால் பக்கம் உடைந்து ஒட்டுப் போட்டிருந்தது. அதில் படுத்துக் கண்ணை மூடினேன். இடுப்பும் தோளும் எங்கேயும் தொங்கவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது என்று ஜோ உறுதி சொன்னாள். ஒட்டைக் காட்டி விலையைக் குறைத்தேன். காலில் கட்டிக்கொள்கிற கயிற்றைச் சும்மாவே சேர்த்துக் கொடுத்தாள். நாய் கட்டுகிற கயிற்றுக்கு என்ன பேரோ அதே ‘லீஷ்’ என்ற பேர்தான் இதற்கும் இங்கிலீஷில். நாய்க்குப் பேர்போன ராஜபாளையத்தில் படித்தவளுக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

4

கடற்கரையில் காரை நிறுத்திய பிறகுதான் ஜோ சொன்னது புரிந்தது. பலகையைக் கக்கத்தில் இடுக்கினால் என் கை அதன் அடி ஓரத்தைத் தொடவில்லை. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினால் வழி தெரியவில்லை. இழுத்துக்கொண்டு போனால் ஃபின் உடையும். மதி ஒரு முனையைப் பிடிக்கிறேன் என்றாள். எத்தனை நாளைக்குப் பிடிப்பாள்? பிப்ரவரிக்கு அப்புறம் யார் பிடிப்பது?

துண்டை எடுத்து முறுக்கிச் சும்மாடு சுருட்டினேன். தலையில் வைத்து, பலகையைக் காரின் மேலிருந்து அப்படியே தலைக்கு மாற்றினேன். நடுவில் சரியாக உட்கார்ந்ததும் ஒரு கை போதும். ஊரில் அடுப்பெரிக்கச் சுமந்த பருத்திமார்க் கட்டைவிட இது லேசு. நான் பாட்டுக்கு நடந்தேன். வாகன நிறுத்தத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தினார்கள். மதி வேகம் பிடித்து முன்னால் போய்விட்டாள், நாங்கள் இருவரும் ஒரே வீடு என்று யாரும் சொல்ல முடியாத தூரம் வரைக்கும். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகப் பலகையை இறக்கி வைக்கிற எண்ணம் வரவில்லை.

அந்த வாரம் அக்கா அவளாகவே கூப்பிட்டாள். அந்தச் சாமான் எம்புட்டு நீளம், எம்புட்டு அகலம் என்று கேட்டாள். சொன்னேன்.

“நெலக்கதவுல்ல வாங்கியிருக்க? செரி, மூக்கு வளைவை ஒரு பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பு. வெயில்ல போட்டா வீணாப் போவும். உறை தச்சு அனுப்புதேன். நீ தண்ணியில கெடக்க போட்டோவ மட்டும் குடும்பக் குரூப்புல போட்டுறாத.”

ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள் கையில் உறை வந்தது. கெட்டித் துணி, இரட்டைத் தையல். பள்ளிக்கூடச் சீருடைக்கு விடுவது போல எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் கூட விட்டிருந்தாள், பலகை வளரும் என்று நினைத்தாளோ என்னவோ.

5

எனக்கு வாரத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே கடலும் வெள்ளிக்கிழமைதான்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக விழுந்தேன். படுப்பேன், அலை வரும், கை வலிப்பேன், பலகை அழகாகக் கிளம்பும். நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி எழப் பார்த்தால் கை வழுக்கும். கை நின்றால் கால் வழுக்கும். வகுப்பில் முட்டி வரைக்குமாவது வந்தவள், இப்போது அதுவும் இல்லை. டிசம்பர் முழுக்க இதே கதை. என் வீட்டுக்காரர் கரையில் பேப்பர் படித்துக்கொண்டே, போதும் விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தார். விடுவதற்கு நான் ஒன்றும் பொழுதுபோக்கு தேடிப் போகவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது, மதியின் அறையில் அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன.

பலகையில்தான் கோளாறு என்று முடிவுகட்டினேன். இந்தப் பலகைகளின் மேல்பக்கம் கால் பிடிப்பதற்காக மெழுகு தேய்த்திருக்கும். அந்த மெழுகு நிற்கவில்லை, பலகை வழவழக்கிறது, ஒட்டுப் போட்டதைத் தலையில் கட்டிவிட்டாள் என்று சூடாகப் பலகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மதி வண்டி ஓட்டினாள். ஜோ பலகையின் மேல் விரலால் ஒரு இழுப்பு இழுத்தாள். விரலை மோந்து பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாக, இதன் மேல் வைத்து ஏதாவது சமைத்தீர்களா என்று கேட்டாள்.

மதிக்குத்தான் முதலில் விளங்கியது. கடைத் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் அப்படிச் சிரித்துப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்பது எனக்கு ஊரிலிருந்து வந்த பழக்கம், இங்கேயும் ஒரு வாரம் விட்டதில்லை. கடலுக்குப் போவதால் அதை எதற்கு விட வேண்டும்? உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவேன். உப்புத் தண்ணீர் தோலைப் பிடிக்காது, ஊறினது போலவும் ஆச்சு, வந்து சீயக்காய் போட்டு அலசினால் ஒரே குளியலில் இரண்டு காரியம் என்பது என் கணக்கு. அந்த எண்ணெய் கை வழியும் கால் வழியும் மெழுகில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஜோவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இந்தக் கதையை அந்த ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாள், சொல்லட்டும்.

அன்றைக்குச் சாயங்காலம் மதி பலகையைக் கொல்லையில் போட்டு, வெந்நீர் ஊற்றிப் பழைய மெழுகைச் சுரண்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் செய்தாள். சுரண்டிக்கொண்டே, இனிமேல் எண்ணெயைச் சனிக்கிழமை வைத்துக்கொள் என்றாள். சனிக்கிழமை ஆம்பளைகளுக்கு, வெள்ளிதான் பொம்பளைகளுக்கு என்றேன். அதை யார் சொன்னது என்று கேட்டாள். எல்லாரும்தான் என்றேன். எல்லாரும் சொன்னால் கேட்டுவிடுவாயா என்றாள்.

அப்போது கிணற்றைப் பற்றிச் சொன்னேன். எண்ணெய் டின், மேல்படி, அடிமண் எல்லாவற்றையும் சொன்னேன். பதின்மூன்று வயதில் நான் வயதுக்கு வந்ததும், இனிமேல் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு நாளில் நிறுத்தியதையும் சொன்னேன். அதே கிணற்றில் அண்ணன் கல்யாணமாகிற வரைக்கும் குதித்தான். எனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குதிக்கிற சத்தம் மட்டும் வீட்டு வரைக்கும் கேட்கும். அப்போது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது.

மதி சுரண்டி முடித்துப் பலகையைத் துடைத்தாள். புது மெழுகை எடுத்து, வட்டம் வட்டமாக, நான் கையூன்றும் இடத்தில் ஒருமுறைக்கு இரண்டுமுறை தேய்த்தாள்.

எண்ணெய்க் குளியல் சனிக்கிழமைக்கு மாறியது. அக்காவிடம் சொல்லவில்லை.

6

ஜனவரியில் முட்டி போட்டேன். பிறகு ஒரு காலை ஊன்றினேன். இரண்டாவது கால் வருவதற்குள் அலை முடிந்துவிடும். தோள் வலிக்கு முதியோர் இல்லத்துப் பாட்டிகளுக்குத் தடவுகிற தைலத்தையே தடவிக்கொண்டேன், தண்ணீரில் இறங்குவதற்கு முதல் நாளோடு நிறுத்தினேன். பட்டது போதும்.

மதி கிளம்புவது பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை, எனக்கு மிச்சமிருந்த ஒரே வெள்ளிக்கிழமை. காலையில் இருவரும் போனோம். காற்றே இல்லை. அலை ஒழுங்காக, ஒன்று முடிந்து ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. மதி பாறைப் பக்கம், கொஞ்சம் பெரிதாக உடைகிற இடத்துக்குப் போனாள். நான் என் இடத்தில் கிடந்தேன்.

நாலைந்தை விட்ட பிறகு ஒன்று வந்தது. கை வலித்தேன். வால் பக்கம் தூக்கியது. ஊன்றினேன், கை வழுக்கவில்லை. ஒரு கால் வந்தது, இன்னொரு காலும் வந்தது. நிமிர்ந்தேன். நின்றுகொண்டிருந்தேன். என் காலடியில் பலகை போய்க்கொண்டிருந்தது, நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கரை மெதுவாகக் கிட்டே வந்தது. மணல் தட்டும் வரைக்கும் நின்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். மதி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆழத்துப் பக்கம் துழாவிக்கொண்டிருந்தாள். நடைக்கு வந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அவள் கரைக்கு வந்து, ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள்.

“ஒண்ணு.”

“நின்னியா?”

“நின்னேன்.”

அவள் முகம் விழுந்துவிட்டது. “நான் பாக்கலையேம்மா.”

இரு, வாரேன் என்று பலகையைத் திருப்பிக்கொண்டு மறுபடி இறங்கினேன். அவள் தன் பலகையை ஓரமாகப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். தோழிகள் வழியனுப்பச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போன் அடித்திருக்கும். அவள் எடுத்ததாகத் தெரியவில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்த போதெல்லாம் இரண்டு கையையும் கண்ணுக்கு மேல் வைத்து என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. அலை கலைந்து குண்டும் குழியுமாக வந்தது. விழுந்தேன், ஏறினேன், மறுபடி விழுந்தேன். ஒருதரம் முக்கால்வாசி எழுந்து தலைகுப்புறப் போனேன். கை தூக்க முடியாமல் போன பிறகுதான் வெளியே வந்தேன். பலகையின் ஒரு முனையை அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

அப்படியே கார் வரைக்கும் வந்தோம். உறையை மாட்டும்போது மதி கேட்டாள்.

“நாளைக்குக் காலையில வருவோமா? பிளைட்டு மத்தியானம்தானே. காத்து எழும்புறதுக்குள்ள.”

நாளைக்கு எனக்கு விடியற்காலையிலேயே டியூட்டி. அது அவளுக்கும் தெரியும், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட அடுத்தவர்களுடைய டியூட்டியைச் சேர்த்துப் பார்த்தவள் நான். முந்தின நாள் கூப்பிட்டு வரமாட்டேன் என்று சொன்னதே இல்லை.

அங்கேயே நின்று, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மேற்பார்வையாளரைக் கூப்பிட்டேன். நாளைக்கு வரமுடியாது என்றேன். உடம்பு சரியில்லையா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றால் முடிந்துவிடும். மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் எழுந்து நிற்பதை என் மகள் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று சொன்னேன்.